60-ல் போய் 40-ல் திரும்பினால் ஏன் 50 இல்லை?

தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகள் எட்டாம் வகுப்பு. "ஒருவர் காரில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மதுரைக்குப் போய், அதே வழியில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்பினார், சராசரி வேகம் என்ன?" என்ற கணக்குக்கு 50 என்று எழுதியிருக்கிறாள். புத்தகத்தின் பின்னால் 48 என்று இருக்கிறது. ஏன் 48 என்று உங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. சூத்திரம் மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறாள், ஆனால் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் நின்றுவிடுகிறாள், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு ஆறுதல். காரைக்குடியில் முப்பது வருடமாகக் கணக்கு சொல்லித் தருகிறேன். ரயில்வே தேர்வுக்குப் படிக்க வருகிற பட்டதாரிகளும் முதல் நாள் இதே 50-ஐத்தான் எழுதுகிறார்கள். 60-ஐயும் 40-ஐயும் கூட்டி இரண்டால் வகுக்கக் கை தானாகப் போகிறது. அவளைத் திட்ட வேண்டாம்.

அவள் நோட்டில் ஒரு முக்கோணம் வரைந்திருப்பாள், பாருங்கள். மேலே தூரம், கீழே வேகம், நேரம். எது வேண்டுமோ அதை விரலால் மூடினால் மிச்சம் விடை. அதைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் விரலால் மூடிப் பழகிய பிள்ளைக்கு அந்த மூன்றும் மூன்று எழுத்தாகவே நின்றுவிடுகின்றன. "வேகம் இரண்டு மடங்கானால் நேரம் என்ன ஆகும்?" என்று கேட்டால் எந்த எழுத்தை மூடுவது என்று தேடுகிறது. சாலையில் ஒரு வண்டி போகிறது என்பது மனதில் வருவதே இல்லை.

நான் தொடங்குவது சூத்திரத்தில் இல்லை, நாம் தினமும் பேசுகிற ஒரு சின்ன உருபில். மணிக்கு 40 கி.மீ. என்கிறோமே, அந்த 'க்கு'. கிலோவுக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு கூலி, ஏக்கருக்கு இத்தனை மூட்டை. ஒன்றுக்கு எவ்வளவு என்று அந்த 'க்கு' சொல்லிவிடுகிறது. ஒரு மணிக்கு 40 என்றால் மூன்று மணிக்கு 120. இதைச் சொல்ல எட்டாம் வகுப்பு வேண்டியதில்லை, காய்கறிக் கடைக்குப் போய்வந்த பிள்ளை போதும். தூரத்தைக் கண்டுபிடிக்கப் பெருக்குகிறோம். 120 கி.மீ. போக எவ்வளவு நேரம் என்றால், 120-க்குள் எத்தனை 40 இருக்கிறது என்று பார்க்கிறோம். முக்கோணத்தின் மூன்று சூத்திரமும் இந்த 'க்கு'வுக்குள் அடங்கிவிட்டது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க வட்டியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பர்மா, இலங்கை, மலேயா என்று போய்க் கொடுக்கல் வாங்கல் செய்த ஊர்கள் இவை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் 5,000 ரூபாய்க்கு மாதத்துக்கு 50 ரூபாய், 8 மாதத்துக்கு 400 ரூபாய். இதை எந்த வீட்டு ஆச்சியும் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். இப்போது ரூபாயை எடுத்துவிட்டுக் கிலோமீட்டரைப் போடுங்கள். மணிக்கு 50 கி.மீ., 8 மணி நேரம், 400 கி.மீ. மாதாமாதம் வட்டி ஏறுவதும் மணிக்கு மணி தூரம் ஏறுவதும் ஒரே கணக்குத்தான். "மாதம் 50 வட்டி, 400 சேர எத்தனை மாதம்?" என்று கேட்டால் தயங்காத பிள்ளை, "50 வேகம், 400 கி.மீ., எத்தனை மணி நேரம்?" என்பதற்கும் தயங்காது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

அடுத்தது நேரத்தை எழுதும் விதம். நான் திருத்துகிற தாள்களில் சரிபாதித் தவறு இங்கேதான். 2 மணி 15 நிமிடத்தை 2.15 என்று எழுதி அதை வேகத்தோடு பெருக்கிவிடுகிறார்கள். இதற்கு மருந்து நம் வாயிலேயே இருக்கிறது. கால் மணி, அரை மணி, முக்கால் மணி. இரண்டேகால் மணி நேரம் என்று வாயால் சொன்ன பிள்ளை 2¼ என்றுதான் எழுதும், 2.15 என்று எழுத வராது. நிமிடத்தைப் பின்னமாக மாற்றும் வேலையை நம் பேச்சு ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. அதனால் நேரம் வருகிற ஒவ்வொரு கணக்கையும் வாய்விட்டுத் தமிழில் படிக்கச் சொல்லுங்கள், ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளையாக இருந்தாலும். 20 நிமிடம், 40 நிமிடம் மாதிரி சில இதில் அடங்காது. இந்த இரண்டும் மணியில் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு. மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் 1 மணி 20 நிமிடம் போனால் 45-ம் அதில் மூன்றில் ஒரு பங்கான 15-ம் சேர்ந்து 60 கி.மீ.

இதிலேயே இன்னொரு குழி உண்டு. பஸ் 8.20-க்குக் கிளம்பி 9.45-க்கு வந்தது. கழித்தால் 1.25. பையன் அதை ஒன்றேகால் மணி என்று எடுத்துக்கொள்கிறான். அது 1 மணி 25 நிமிடம், ஒன்றேகால் மணி என்பது 1 மணி 15 நிமிடம். கடிகாரத்தில் புள்ளிக்குப் பின்னால் வருவது அறுபதில் எத்தனை என்பது, தசமத்தில் வருவது நூறில் எத்தனை என்பது. இந்த ஒரு கணக்கை மட்டும் நான் வருடா வருடம் முதல் வாரத்திலேயே கரும்பலகையில் எழுதி, அழிக்காமல் இரண்டு நாள் விட்டுவைப்பேன்.

சரி, மதுரைக் கணக்குக்கு வருவோம். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு 90 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 60 வேகம், ஒன்றரை மணி நேரம். வரும்போது 40 வேகம், இரண்டேகால் மணி நேரம். மொத்தம் மூன்றேமுக்கால் மணி, மொத்தத் தூரம் 180 கி.மீ. மூன்றேமுக்காலால் வகுக்கப் பயமாக இருந்தால் கால் மணிகளாக எண்ணுங்கள். மூன்றேமுக்காலில் 15 கால் இருக்கிறது. 180-ஐ 15-ஆல் வகுத்தால் கால் மணிக்கு 12 கி.மீ., அப்படியானால் ஒரு மணிக்கு 48. வந்துவிட்டது.

ஆனால் விடை வந்ததோடு விட்டுவிடாதீர்கள். அவளை அந்த இரண்டு நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 60 வேகத்தில் வண்டி ஒன்றரை மணிதான் இருந்தது. 40 வேகத்தில் இரண்டேகால் மணி இருந்தது. மெதுவாகப் போனதிலேயே அதிக நேரம் கழிந்திருக்கிறது. அப்புறம் சராசரி நடுவில் எப்படி நிற்கும், 40 பக்கம் சாயத்தானே செய்யும்? 60-ஐயும் 40-ஐயும் கூட்டிப் பாதியாக்கும்போது, இரண்டு வேகத்துக்கும் சம நேரம் என்று நாம் சொல்லாமலே சொல்லிவிடுகிறோம். இரண்டு மணி நேரம் 60-லும் இரண்டு மணி நேரம் 40-லும் ஓட்டியிருந்தால் 200 கி.மீ., 4 மணி நேரம், சராசரி 50 என்பது சரிதான். கணக்கில் சமமாக இருந்தது நேரம் இல்லை, தூரம்.

தூரத்தை மாற்றிப் பார்ப்பாள், பார்க்கட்டும். 120 கி.மீ. என்றால் 2 மணி, 3 மணி, மொத்தம் 5 மணிக்கு 240 கி.மீ., மறுபடியும் 48. எந்தத் தூரம் போட்டாலும் நேரங்கள் 2-க்கு 3 என்ற விகிதத்திலேயே நிற்பதால் விடை அசையாது. இரண்டு வேகங்களையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. 60, 40-க்கு 4,800-ஐ 100-ஆல் வகுத்து 48. அது தூரம் சமமாக இருக்கும்போது மட்டும்தான். எப்போது செல்லும் என்று தெரியாமல் அதைக் கையில் கொடுத்தால் முக்கோணத்துக்குப் பதில் இன்னொரு முக்கோணம் கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

இங்கே நான் ஒரு கணக்கு போடுவேன், வகுப்பே எழுந்து உட்காரும். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். தேவகோட்டையிலிருந்து காரைக்குடி 20 கி.மீ. என்று வையுங்கள். ஒருவர் போகும்போது சாலை வேலை நடக்கிறது, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில்தான் போக முடிந்தது. போய்வந்த மொத்தப் பயணத்துக்கும் சராசரி 40 வர வேண்டும் என்று நினைக்கிறார். திரும்பும்போது எந்த வேகத்தில் வர வேண்டும்? 60 என்பார்கள் எல்லாரும். 20-ம் 60-ம் சேர்ந்து பாதி 40 அல்லவா. சிலர் 80 என்பார்கள். நிதானமாகப் பாருங்கள். போய்வர 40 கி.மீ. சராசரி 40 வர வேண்டுமானால் மொத்தம் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும். 20 கி.மீ. தூரத்தை 20 வேகத்தில் போனதிலேயே அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டது. திரும்பி வர ஒரு நொடிகூட மிச்சமில்லை. எந்த வேகத்தில் வந்தாலும் முடியாது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை அதற்கப்புறம் வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்து நான் பார்த்ததில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த வகைக் கணக்கு எது வந்தாலும் பேனாவை எடுக்கும் முன் ஒரு கேள்வி: இதில் எது மாறவில்லை? இரண்டு பயணத்திலும் வேகம் ஒன்றா, நேரம் ஒன்றா, தூரம் ஒன்றா? நேரம் ஒன்றாக இருந்தால் வேகம் கூடுகிற விகிதத்திலேயே தூரமும் கூடும். தூரம் ஒன்றாக இருந்தால் வேகமும் நேரமும் தராசுத் தட்டு மாதிரி, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். வேகம் 2-க்கு 3 என்றால் நேரம் 3-க்கு 2.

இதன் பலன் எங்கே தெரியும் என்றால், பிள்ளைகள் பயப்படுகிற தாமதக் கணக்கில். "ஒரு மாணவன் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் பள்ளிக்கு 10 நிமிடம் தாமதமாகப் போகிறான். 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் 5 நிமிடம் முன்னதாகவே போகிறான். பள்ளி எவ்வளவு தூரம்?" தூரமும் தெரியாது, நேரமும் தெரியாது. உடனே 'எக்ஸ்' போட்டுவிடுவார்கள். வேண்டாம், கேள்வியைக் கேட்போம். எது மாறவில்லை? வீடும் பள்ளியும் இருக்கிற இடத்திலேயே இருக்கின்றன, தூரம் மாறவில்லை. வேகம் 4-க்கு 5, அதனால் நேரம் 5-க்கு 4. மெதுவாக நடந்தால் 5 பங்கு நேரம், வேகமாக நடந்தால் 4 பங்கு. வித்தியாசம் ஒரு பங்கு. அந்த வித்தியாசம் கணக்கிலேயே இருக்கிறது: 10 நிமிடம் தாமதத்துக்கும் 5 நிமிடம் முன்னதுக்கும் இடையில் 15 நிமிடம். ஒரு பங்கு கால் மணி. அப்படியானால் மெதுவாக நடக்க ஐந்து கால், அதாவது ஒன்றேகால் மணி. 4 கி.மீ. வேகத்தில் ஒன்றேகால் மணி நடந்தால் 5 கி.மீ. வேகமாக நடந்ததை வைத்துச் சரிபார்க்கலாம்: நான்கு கால், ஒரு மணி நேரம், 5 கி.மீ. முடிந்தது. இதே மாதிரி, வழக்கமான வேகத்தில் முக்கால் பங்கு வேகத்தில் போனதால் 20 நிமிடம் தாமதம், வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்றால், வேகம் 3-க்கு 4, நேரம் 4-க்கு 3, ஒரு பங்கு 20 நிமிடம், மூன்று பங்கு ஒரு மணி நேரம். இவ்வளவுதான்.

துரத்திப் பிடிக்கும் கணக்குக்கு என் வீட்டுக் கதையே இருக்கிறது. எங்கள் அப்பத்தா கிருத்திகைக்குக் கிருத்திகை குன்றக்குடிக்கு நடந்தே போவார். காரைக்குடியிலிருந்து சுமார் 10 கி.மீ. அந்தக் காலத்து மனுஷி, தூரத்தை மைலில் சொல்ல மாட்டார். 'அஞ்சு நாழி நடை' என்பார். ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம். மணிக்கு 5 கி.மீ. நடக்கிற ஆளுக்கு ஒரு நாழிகையில் 2 கி.மீ., ஐந்து நாழிகையில் 10 கி.மீ. அப்பத்தா சொன்னது அளந்து வைத்த மாதிரி சரியாக வருகிறது. தூரத்தை நேரத்தால் சொல்வது நமக்குப் பழகியதுதான். நாழிகை வழி என்று பழைய ஆட்கள் சொல்வதும், 'பஸ்ஸில் அரை மணி நேரம்' என்று இன்றைக்கு நாம் சொல்வதும் ஒன்றே. வேகம் இன்னது என்று இருவருக்கும் தெரிந்திருப்பதால்தான் அப்படிப் பேச முடிகிறது.

ஒரு தடவை அப்பத்தா விடிகாலை 5 மணிக்குக் கிளம்பிவிட்டார். தேங்காய், பழம், சூடம் எல்லாம் எடுத்து வைத்த மஞ்சள் பை திண்ணையிலேயே இருக்கிறது. ஆறரை மணிக்குத்தான் அம்மா பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடு என்றார். நன்றாக அழுத்தி மிதித்தால் மணிக்கு 20 கி.மீ. போவேன் என்று வையுங்கள். எங்கே பிடிப்பேன்?

நான் கிளம்பும்போது அப்பத்தா ஒன்றரை மணி நேரம் நடந்தாகிவிட்டது, ஏழரை கி.மீ. முன்னால் இருக்கிறார். பிள்ளைகள் செய்யும் தவறு, 7.5-ஐ 20-ஆல் வகுப்பது. அந்த நேரத்தில் அப்பத்தா நின்றுகொண்டா இருப்பார்? நான் ஒரு மணி நேரத்தில் 20 கி.மீ. போனால் அவரும் 5 கி.மீ. போய்விடுகிறார், இடைவெளி குறைவது 15 கி.மீ. மட்டும். இடைவெளியை மட்டும் பாருங்கள், ஆட்களை மறந்துவிடுங்கள். ஏழரை கி.மீ. இடைவெளி, மணிக்கு 15 வீதம் சுருங்குகிறது, அரை மணியில் முடிந்துவிடும். 7 மணிக்குப் பிடிப்பேன், வீட்டிலிருந்து 10 கி.மீ. தூரத்தில். மலை அடிவாரம். உண்மையிலேயே அடிவாரத்தில்தான் பிடித்தேன், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

எதிரெதிரே வந்தால் இடைவெளி இரண்டு பக்கமிருந்தும் சுருங்கும், அதனால் வேகங்களைக் கூட்டுகிறோம். காரைக்குடியிலிருந்து 40-ல் ஒரு பஸ், மதுரையிலிருந்து 50-ல் ஒரு பஸ், நடுவே 90 கி.மீ., ஒரு மணி நேரத்தில் சந்திக்கும். கூட்டுவதா கழிப்பதா என்று மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை, ஒரு மணி நேரத்தில் இடைவெளி எவ்வளவு குறைகிறது என்று கேட்டால் போதும்.

இதெல்லாம் வந்த பிறகுதான் ரயில். ரயில் கணக்கில் புதிது ஒன்றுதான்: ரயிலுக்கு நீளம் உண்டு. அதை நான் கயிற்றை வைத்துக் காட்டுவேன். செட்டிநாட்டு வீடுகள் பல முன்தெருவில் வாசலும் பின்தெருவில் கொல்லைக் கதவுமாக ஒரே நீளமாக ஓடும். என் வகுப்பு நடப்பதும் அப்படி ஒரு வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில்தான், இரண்டு பக்கமும் தூண்கள். 6 மீட்டர் கயிற்றை ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாகப் பிடித்துக்கொள்வார்கள். அதுதான் ரயில். முதலில் ஒரு தூணைக் கடக்கச் சொல்வேன். முன்னால் நிற்கிற பிள்ளை தூணைத் தொட்டதிலிருந்து, கடைசிப் பிள்ளை தூணை விட்டு விலகும் வரை. முன்பிள்ளை எவ்வளவு தூரம் நடந்தது? தரையில் சாக்பீஸால் குறித்து அளந்தால் 6 மீட்டர், கயிற்றின் நீளம். அப்புறம் தரையில் 9 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. அதுதான் பிளாட்பாரம். முன்பிள்ளை முதல் கோட்டில் கால் வைத்ததிலிருந்து கடைசிப் பிள்ளை இரண்டாவது கோட்டைத் தாண்டும் வரை. இந்தத் தடவை முன்பிள்ளை நடந்தது 15 மீட்டர். பிளாட்பாரமும் ரயிலும் சேர்ந்த நீளம். ஏன் கூட்டுகிறோம் என்று அதன் பிறகு யாரும் கேட்பதில்லை, கடைசியில் நின்ற பிள்ளை "நான் இன்னும் வரலை" என்று கத்தியது எல்லார் காதிலும் இருக்கும்.

இப்போது நிஜ ரயில். பழைய நீலப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 22 மீட்டர், 18 பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தால் 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 400 என்றே வைப்போம். செட்டிநாடு ஸ்டேஷனில் நிற்காமல் ஒரு ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிறது. இங்கே கிலோமீட்டரும் மணியும் உதவாது, நமக்கு மீட்டரும் வினாடியும் வேண்டும். ஒரு மணிக்கு 3,600 வினாடி, ஒரு கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர். 1,000-ஐ 3,600-ஆல் வகுத்துச் சுருக்கினால் 5-ன் கீழ் 18. அதைப் பின்னமாக வைத்துக்கொண்டால் எது மேலே எது கீழே என்று பரீட்சையில் மறந்துபோகும். நான் சொல்லித் தருவது: மணிக்கு 18 கி.மீ. என்றால் வினாடிக்கு 5 மீட்டர். கொஞ்சம் வேகமான சைக்கிள். இது ஒன்று நினைவில் இருந்தால் 36-க்கு 10, 54-க்கு 15, 72-க்கு 20, 90-க்கு 25 என்று வாய்ப்பாடு மாதிரி ஓடும்.

அந்த ரயில் வினாடிக்கு 20 மீட்டர். பிளாட்பாரத்தில் நிற்கிற உங்களைக் கடக்க 400 மீட்டர், 20 வினாடி. 300 மீட்டர் பிளாட்பாரத்தைக் கடக்க 700 மீட்டர், 35 வினாடி. எதிரே 300 மீட்டர் நீளமுள்ள இன்னொரு ரயில் மணிக்கு 54-ல் வந்தால், இரண்டும் ஒன்றையொன்று கடக்க அதே 700 மீட்டர், ஆனால் வினாடிக்கு 20-ம் 15-ம் சேர்ந்து 35 வீதம், 20 வினாடி. ஒரே திசையில் போய் ஒன்று மற்றதை முந்தினால் அதே 700, வினாடிக்கு 5 வீதம், 140 வினாடி. ஏழு மடங்கு! இதை நம் பக்கத்தில் பார்க்க முடியாது, இந்தப் பாதை ஒற்றைத் தடம், எதிர் ரயிலுக்காக ஸ்டேஷனில் ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். சென்னைக்குப் போகும்போது திருச்சி தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் எதிர் ரயில் சடாரென்று போவதை அவளே எண்ணிப் பார்க்கலாம்.

படகுக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்மாயும் ஊருணியும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆற்றோட்டம் மனதில் வருவது கஷ்டம்தான், ஆனால் ஓட்டத்தோடு போனால் கூட்டு, எதிர்த்துப் போனால் கழி, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். படகு 10, ஓட்டம் 2 என்றால் போக 12, வர 8. போனதில் கிடைத்தது வந்ததில் போய்விட்டது, சராசரி 10-தான் என்று தோன்றும். தூரம் சமம், ஆகவே 9.6. மதுரைக் கணக்கேதான்.

பஸ் நிற்கிற கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், தேர்வுகளில் அடிக்கடி வருகிறது. நிற்காமல் ஓடினால் 60 வேகம், ஸ்டாப்பில் எல்லாம் நின்று போவதால் 45. மணிக்கு எத்தனை நிமிடம் நிற்கிறது? ஒரு மணி நேரத்தில் 15 கி.மீ. போகவில்லை. 60 வேகத்தில் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம். 15 நிமிடம் நின்றிருக்கிறது. புதுக்கோட்டை பஸ் திருமயத்தில் நிற்கிற நேரத்தை நினைத்துக்கொண்டால் கணக்கே போடத் தேவையில்லை.

ஐப்பசி மழையில் இடி இடிக்கும்போது அவளோடு வீட்டுக்குள் இருந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்து எண்ணுங்கள். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எத்தனை வினாடி என்று. ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது, 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 6 வினாடி என்றால் 2 கி.மீ. தள்ளி. இடி காதில் கேட்கிற தூரத்தில் இருந்தாலே வெளியில் நிற்க வேண்டாம். ஒளிக்கும் நேரம் எடுக்குமே என்று கேட்டால் சந்தோஷப்படுங்கள். எடுக்கும், ஆனால் வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. என்பதால் இந்தக் கணக்கில் அதை விட்டுவிடலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்கு வருவதாக இருந்தால், பஸ்ஸில் அவளை இடது பக்க ஜன்னலோரம் உட்காரவைத்துக் கையில் கடிகாரம் கொடுங்கள். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கிலோமீட்டர் கல் வரை எத்தனை வினாடி என்று பார்க்கட்டும், இடையில் வரும் சின்னக் கற்களை விட்டுவிட வேண்டும். 3,600-ஐ அந்த வினாடியால் வகுத்தால் வேகம். 60 வினாடி என்றால் 60, 72 என்றால் 50, 90 என்றால் 40. நாலைந்து கல்லுக்கு எழுதிக்கொண்டு வரட்டும். இறங்கினதும், இந்த நாலைந்து வேகத்தையும் கூட்டி வகுத்தால் சராசரி வருமா என்று கேளுங்கள். பதில் சொல்லும் முன் அவள் ஒரு நிமிடம் யோசித்தால், மதுரைக் கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது.